சருகுக்கு தீ வைத்தால் ரூ.5 ஆயிரம்! நாகமலை புதுக்கோட்டைவாசிகளே, உஷார்!

வாசலை கூட்டியாச்சு. வேப்பஞ்சருகு ஒரு குவியல். அதன் மேலே பால் கவர் நாலு, பிஸ்கட் தாள் இரண்டு, அறுந்த ரப்பர் செருப்பு ஒன்று. ஒரு தீக்குச்சியை கிழித்துப் போட்டால் வேலை முடிந்தது!

இப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். வேலை முடியவில்லை. அங்கேதான் ஆரம்பிக்கிறது.

புகை பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் நுழைகிறது. இழுப்புக்காரப் பெரியவர் எழுந்து உட்கார்ந்து இருமுகிறார். கொடியில் காய்ந்த சேலையில் கரி படிகிறது. "ஏம்மா, எத்தனை தடவை சொல்றது?" என்று சுவருக்கு மேலே ஒரு குரல் வருகிறது. அப்புறம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று போகிறது.

அது மட்டுமா? சட்டமும் பாக்கெட்டில் கை வைக்கிறது!

மதுரையில் இருந்து தேனிக்குப் போகிற சாலையில், பாம்பு படுத்தாற்போல நீண்டு கிடக்கும் நாகமலையின் ஓரத்தில் இருக்கிறது நாகமலை புதுக்கோட்டை. என்.ஜி.ஓ. காலனி, கல்லூரி, அந்தப் பக்கம் காமராசர் பல்கலைக்கழகம், இந்தப் பக்கம் கீழக்குயில்குடி சமணர் மலை என்று பெயர் பெற்ற வட்டாரம். நகரத்தில் உத்தியோகம் பார்த்துவிட்டு, கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று இங்கே வீடு கட்டி வந்தவர்கள் ஏராளம்.

வேம்பு, தென்னை, முருங்கை, கொய்யா என்று வளர்த்து வைத்திருக்கிறார்கள். மரம் இருந்தால் நிழல் உண்டு. நிழல் இருந்தால் சருகும் உண்டு. மாசி பிறந்தால் வேம்பு இலை கொட்ட ஆரம்பிக்கும். ஆடி வந்தால் மேற்கில் இருந்து அடிக்கிற காற்று, அடுத்த தெரு குப்பையையும் சேர்த்து நம் வாசலுக்கு கொண்டுவரும்.

அதை என்ன செய்வது? "கொளுத்து!" என்பதுதான் காலங்காலமாக வரும் பதில். அந்தப் பதில் இப்போது செல்லாது.

"என் வீட்டு குப்பை, என் இஷ்டம்!"

"எங்க குப்பை. எங்க வாசல். யாரு கேக்குறது?" என்று சிலர் மார்தட்டுகிறார்கள்.

கேட்பதற்கு ஆள் உண்டு.

2016-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி மத்திய அரசு திடக்கழிவு மேலாண்மை விதிகளை வெளியிட்டது. குப்பையை உண்டாக்குகிறவர் யாராக இருந்தாலும், அதை தெருவிலோ, பொது இடத்திலோ, சாக்கடையிலோ, நீர்நிலையிலோ போடக்கூடாது, எரிக்கக்கூடாது, புதைக்கவும் கூடாது என்று அதில் சொல்லப்பட்டது. தோட்டத்து சருகு, கிளை ஆகியவற்றை தனியாக நம் இடத்திலேயே சேர்த்து வைக்க வேண்டும். உள்ளாட்சி நிர்வாகம் சொல்கிற விதத்தில் அப்புறப்படுத்த வேண்டும். இதுவும் அதில் இருந்தது.

"அது தெருவுக்குத்தானே? என் கொல்லைக்குள்ளே எரிச்சா?" என்று கேட்கலாம். அந்த ஓட்டையையும் அடைத்தாயிற்று!

ரூ.5 ஆயிரம், ரூ.25 ஆயிரம்

அல்மித்ரா பட்டேல் என்ற அம்மையார், ஊர் ஊராக குப்பை நாறுவதைப் பார்த்து 1996-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டுக்கு போனார். அந்த வழக்கு பின்னர் தேசிய பசுமை தீர்ப்பாயத்துக்கு மாற்றப்பட்டது. நீதிபதி சுவதந்தர் குமார் தலைமையிலான அமர்வு 2016 டிசம்பர் 22-ந் தேதி உத்தரவு போட்டது.

நிலத்தில் திறந்தவெளியில் குப்பையை எரிப்பதற்கு முழுத் தடை! குப்பைக் கிடங்காக இருந்தாலும் தடை. நாடு முழுவதும் தடை.

மீறினால்? சாதாரணமாக எரித்தவர் ரூ.5 ஆயிரம் கட்ட வேண்டும். மொத்தமாக, பெரிய அளவில் எரித்தால் ரூ.25 ஆயிரம். இதற்கு சுற்றுச்சூழல் இழப்பீடு என்று பெயர்.

ஒரு தீப்பெட்டி என்ன விலை? அதில் ஒரு குச்சிக்கு ரூ.5 ஆயிரம் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தனி ஆள் மட்டும் அல்ல, எந்த அமைப்பு எரித்தாலும் அந்த உத்தரவு பொருந்தும். அதாவது, பொதுமக்களுக்கு ஒரு நியாயம், குப்பை அள்ளுகிற நிர்வாகத்துக்கு வேறு நியாயம் என்று கிடையாது. தெருமுனைத் தொட்டியில் யார் தீ வைத்தாலும் தப்பு தப்புதான்.

ஜெயில் கூட உண்டு!

நெருப்பு விஷயத்தில் அசட்டையாக நடந்து, அடுத்தவர் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வரவைத்தால் அது கிரிமினல் குற்றம். முன்பு இந்திய தண்டனை சட்டத்தில் 285-வது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 287-வது பிரிவாகி இருக்கிறது. 6 மாதம் வரை சிறை, அல்லது ரூ.2 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"சும்மா சருகுதானே கொளுத்தினேன்" என்பது, பக்கத்து வீட்டு வைக்கோல் படப்பு எரிந்த பிறகு எடுபடாது.

கடைக்காரர்கள் கவனத்துக்கு

ராத்திரி ஷட்டரை இறக்கும் முன்பு, கடைவாசலில் அட்டைப் பெட்டி, வைக்கோல், பிளாஸ்டிக் கவர் எல்லாவற்றையும் குவித்து தீ வைப்பது சில இடங்களில் வழக்கம். கொசு போகும் என்று ஒரு சாக்கும் சொல்வார்கள்.

கொசு போகிறதோ இல்லையோ, காசு போகிறது! அட்டைப் பெட்டியை பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள். எரிப்பது பணத்தை எரிப்பது.

தெருவோர வியாபாரிகள் காய்கறிக் கழிவு, இளநீர் கூடு, மீந்த சாப்பாடு, தட்டு, கப்பு ஆகியவற்றைப் போட சொந்தமாக ஒரு கூடையோ தொட்டியோ வைத்துக்கொள்ள வேண்டும் என்று 2016 விதிகளில் தனியாகவே குறிப்பிட்டிருந்தது. 100 பேருக்கு மேல் கூடும் விசேஷம் என்றால், 3 வேலை நாளைக்கு முன்பே உள்ளாட்சி நிர்வாகத்துக்கு தகவல் சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. கல்யாண வீட்டு எச்சில் இலையையும் பிளாஸ்டிக் டம்ளரையும் மண்டபத்துக்குப் பின்னால் கொளுத்துகிறவர்கள் இதை கவனிக்க வேண்டும்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-ந் தேதி முதல் தடை இருக்கிறது. மஞ்சப்பை இயக்கமும் 2021 டிசம்பரில் வந்துவிட்டது. கடைக்கு வராத பிளாஸ்டிக், கடைவாசலில் எரியவும் எரியாது.

புகையில் என்னதான் இருக்கு?

"அந்தக் காலத்தில் எங்க பாட்டி எரிக்கலையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

பாட்டி எரித்த குப்பை வேறு. அதில் ஓலை இருந்தது, சுள்ளி இருந்தது, காய்ந்த சாணி இருந்தது. இன்றைய குப்பையில் பால் கவர், ஷாம்பு பாக்கெட், தெர்மோகோல், ஒயர், குழந்தை டயபர் எல்லாம் இருக்கிறது.

ஒயரின் மேலுறை, குழாய், சில வகை ரெக்சின் ஆகியவை பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. அதில் குளோரின் இருக்கிறது. எரிந்தால் மூக்கையும் தொண்டையையும் அரிக்கும் அமிலப் புகை வரும். கூடவே டயாக்சின் என்ற நஞ்சும் உண்டாகும். புற்றுநோயை வரவழைக்கக்கூடிய நஞ்சு அது. காற்றோடு போய் புல்லில் படிந்து, அதை மேய்கிற மாட்டின் பாலில் ஏறி, நம் வீட்டு காபிக்கே திரும்பி வரும்!

பெரிய எரிஉலையில் அதிகச் சூட்டில் எரித்து, புகையை வடிகட்டி வெளியே விடுவார்கள். வாசல் குவியலில் அந்தச் சூடும் கிடையாது, வடிகட்டியும் கிடையாது. புகைந்து புகைந்து எரிவதால்தான் நஞ்சு அதிகம். வீட்டுக் குப்பையை பீப்பாயில் போட்டு எரித்து அமெரிக்காவில் 1990-களில் சோதனை செய்தார்கள். சில பத்து வீடுகள் இப்படி எரித்தாலே, ஒரு பெரிய நவீன எரிஉலை விடுகிற அளவுக்கு டயாக்சின் வரலாம் என்று தெரியவந்தது.

வெறும் சருகு மட்டும் எரித்தால்? அதுவும் ஆகாது. ஈரச் சருகு திகுதிகு என்று எரியாது. புகையும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண் துகளும் இருக்கும். தலைமுடியின் தடிமனில் 30-ல் ஒரு பங்குகூட இல்லாத துகள் அது. மூக்கு முடியில் சிக்காமல் நேராக நுரையீரலின் அடிவரைக்கும் போய் உட்காரும்.

காற்றில் இந்தத் துகள் 24 மணி நேர சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமை தாண்டக்கூடாது என்பது இந்திய அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவோ வெறும் 15! குவியலுக்குப் பக்கத்தில் குச்சியை வைத்து கிளறிக்கொண்டு நிற்பவர் எவ்வளவு இழுப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

முதலில் அடிபடுவது குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமாக்காரர்கள், இதய நோயாளிகள். அவர்கள் தீ வைத்தவர்கள் அல்ல. தீ வைத்தவருக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள்.

அரளிக் கட்டை, ஜாக்கிரதை!

வீட்டு முகப்பில் அழகுக்கு அரளி வைத்திருப்பார்கள். அதை வெட்டிப் போட்டு எரிக்கிறவர்கள் உண்டு. அரளி முழுக்க விஷம். அதன் புகையும் விஷம். அதை அடுப்பில்கூட வைக்கக்கூடாது.

குவியலுக்குள்ளே இன்னும் என்னென்ன ஒளிந்திருக்கும் தெரியுமா? காலி கொசு மருந்து டப்பா, சென்ட் டப்பா சூட்டில் வெடிக்கும். பழைய பேட்டரி வெடிக்கும். உடைந்த டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது. டயரில் ஒருமுறை தீ பிடித்தால் வாளித் தண்ணீருக்கு லேசில் அடங்காது.

ஒரே சாலை, மூன்று பாடம்

நாகமலை புதுக்கோட்டை வழியாகப் போகும் இதே சாலையில் மேற்கே போனால் உசிலம்பட்டி, தேனி, போடி. போடிக்குப் பக்கத்தில் குரங்கணி. 2018 மார்ச் 11-ந் தேதி அங்கே மலைப் புல்லில் பரவிய தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கிக்கொண்டார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். காட்டுத் தீ வேறு, வாசல் தீ வேறுதான். ஆனால் காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் நெருப்பு மனிதனை ஓட விடாது என்பதை அந்த நாள் காட்டியது. நாகமலைச் சரிவிலும் கோடையில் புல் காய்ந்துதான் கிடக்கிறது. அடிவாரத்தில் ஒரு பொறி போதும்.

சாலை முடிகிற இடம் கொச்சி. அங்கே பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் 2023 மார்ச் 2-ந் தேதி தீ பிடித்தது. அணைக்க 10 நாளுக்கு மேல் ஆனது. ஊரே புகையில் மூழ்கியது. கொச்சி மாநகராட்சி ரூ.100 கோடி கட்ட வேண்டும் என்று பசுமை தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

நம் மாநிலத்திலேயே சென்னை பெருங்குடி கிடங்கில் 2022 ஏப்ரல் 27-ந் தேதி தீ பிடித்தது. அக்கம்பக்கத்து மக்கள் நாள் கணக்கில் புகையோடு மல்லுக்கட்டினார்கள்.

மதுரையின் குப்பையும் வெள்ளக்கல்லில் மலையாகத்தான் குவிகிறது. பிரிக்காமல் போட்ட ஈரக் குப்பை அழுகும்போது எரியக்கூடிய வாயு உண்டாகும். அதுதான் கிடங்குத் தீக்கு எண்ணெய். ஆகவே வீட்டில் பிரிப்பது, ஊருக்கே காவல்.

"பின்னே எங்கே போடுறது?"

இதுதான் அசல் கேள்வி. "எரிக்காதே" என்று சொல்வது சுலபம். வழி சொல்ல வேண்டாமா?

மரத்தடியில் விழுந்த சருகை மரத்தடியிலேயே அரையடி உயரத்துக்கு பரப்பிவிடலாம். விவசாயிகள் இதை மூடாக்கு என்பார்கள். மண் ஈரம் காயாது. தண்ணீர் மிச்சம். ஆனால் சுவரை ஒட்டிக் குவிக்க வேண்டாம், கரையான் வரும்.

இடம் இருப்பவர்கள் ஒரு சிமெண்ட் உறையை வாங்கி மூலையில் வைக்கலாம். மூன்று பங்கு சருகுக்கு ஒரு பங்கு காய்கறிக் கழிவு. அதன் மேலே சாணிக் கரைசலோ புளித்த மோரோ தெளிக்க வேண்டும. பிழிந்த துணி அளவுக்கு ஈரம் இருந்தால் போதும். வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். இரண்டு, மூன்று மாதத்தில் கறுப்பாக, மண்வாசனையோடு உரம் தயார். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சருகு போட்டால் சரியாகிவிடும்.

தென்னை ஓலையில் துடைப்பம் கிழிக்கலாம், கீற்று முடையலாம். மட்டையை அடுப்புக்கு விறகாக வைக்கலாம். சமைப்பதற்கு விறகு எரிப்பது வேறு, ஒழிப்பதற்கு குப்பை எரிப்பது வேறு.

மக்கும் குப்பை ஒரு கூடை, மக்காத குப்பை ஒரு கூடை. நாப்கின், டயபரை தாளில் சுற்றி அடையாளம் தெரிகிற மாதிரி தனியாகக் கொடுக்க வேண்டும். பேட்டரி, டியூப்லைட், காலாவதி மருந்து ஆகியவை இன்னொரு தனிப் பை. வீடு வீடாக வருகிற தூய்மைக் காவலரும் மனிதர்தான். உடைந்த கண்ணாடியை சருகுக்குள் மறைத்துக் கொடுத்தால் வெட்டுவது அவர் கை!

வண்டி வராவிட்டால்?

"நாலு நாளா வண்டி வரலை. நாறுது. அதான் கொளுத்தினோம்" என்கிறார்கள். மறுக்க முடியாத குறை.

ஆனால் அதற்கு மருந்து தீப்பெட்டி அல்ல, மனு. தெருக்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, எந்தெந்த தேதியில் வண்டி வரவில்லை என்று எழுதி, உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். குப்பையை வாங்கிக்கொள்வது நிர்வாகத்தின் கடமை. நாமே கொளுத்திவிட்டால், "குப்பையே இல்லையே!" என்று அவர்கள் கைகழுவ நாமே வழி செய்து கொடுக்கிறோம்.

அடுத்த வீட்டுக்காரர் எரித்தால் என்ன செய்வது? முதலில் நேரில் போய் தன்மையாகச் சொல்லலாம். "அண்ணே, புள்ளைக்கு மூச்சு விட முடியலை" என்றால் கேட்காத மனிதர் குறைவு. கேட்காவிட்டால் படம் எடுத்து தேதியோடு புகார் கொடுக்கலாம். சண்டை வேண்டாம்.

தீ கை மீறினால்...

யாரோ வைத்த தீ எரிந்துகொண்டிருக்கிறதா? பெட்ரோல், மண்எண்ணெய் கிட்டேயே வரக்கூடாது. பெட்ரோலின் ஆவி காற்றில் பரவி, ஊற்றுகிறவர் மேலேயே தாவும். மின்கம்பிக்குக் கீழே, கியாஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில், மோட்டார் சைக்கிள் நிற்கிற இடத்தில் தீ என்றால் தாமதிக்க வேண்டாம். தீயணைப்பு நிலையத்துக்கு 101. எந்த அவசரத்துக்கும் 112.

அணைந்தது போல தெரியும் சாம்பலுக்கு அடியில் கங்கு பல மணி நேரம் உயிரோடு இருக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடியும் ஊற்ற வேண்டும். சாம்பல் மேட்டில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

முந்தானையிலோ கைலியிலோ தீ பிடித்தால் ஓடக்கூடாது. ஓடினால் காற்று பட்டு தீ வளரும். தரையில் படுத்து உருள வேண்டும். அருகில் இருப்பவர் கனத்த போர்வையைப் போட்டு மூடலாம்.

தீப்புண்ணில் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விட வேண்டும். வளையல், மோதிரத்தை வீங்கும் முன்பே கழற்றிவிட வேண்டும். மாவு, இங்க், பற்பசை, எண்ணெய் எதுவும் தடவக்கூடாது. ஐஸ்கட்டியும் வேண்டாம். ஒட்டிக்கொண்ட துணியை பிய்க்கக்கூடாது. சுத்தமான துணியால் லேசாக மூடி 108-ஐ கூப்பிட வேண்டும்.

போகிக்கும் இதே சட்டம்தான்

மார்கழி கடைசி நாளில் பழைய பாயும் கிழிந்த துணியும் எரித்த காலம் உண்டு. டயரும் பிளாஸ்டிக்கும் அந்தக் குவியலில் ஏறிய பிறகு பண்டிகையின் முகமே கறுத்துவிட்டது. 2018 ஜனவரி 13-ந் தேதி போகிப் புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தையே மறைத்தன. விமானங்கள் இறங்க வழி தெரியாமல் வேறு ஊருக்குப் போயின. விமானிக்கே கண் தெரியவில்லை என்றால், தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் மூச்சு என்ன பாடு பட்டிருக்கும்?

பழைய துணி நல்லதாக இருந்தால் இல்லாதவருக்குக் கொடுக்கலாம். பாய் மக்கும். டயரை பழைய இரும்புக் கடையில் கேட்டுப் பாருங்கள். மேளம் கொட்ட நெருப்பு எதற்கு?

நாகமலை பக்கம் வீடு வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "தண்ணி எப்படி? காத்து எப்படி?" என்றுதான். தண்ணீர் நம் கையில் இல்லை. மழை வர வேண்டும். காற்று நம் கையில் இருக்கிறது. கையில் இருக்கும் தீப்பெட்டியை அடுப்படியிலேயே வைத்துவிட்டால் போதும்.